இரண்டு மாத்திரைகளும் பழைய மதிப்பெண் அட்டைகளும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஹார்மோன்கள் பாடம் நடத்தும் நாளில், கரும்பலகையில் முதலில் ஒரு பட்டாம்பூச்சி வரைவேன். குழந்தைகள் சிரிப்பார்கள். “இது உங்கள் கழுத்துக்குள் இருக்கிறது” என்று சொல்லி, குரல்வளைக்குக் கீழே இருக்கும் தைராய்டு சுரப்பியின் இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். 1914ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் எட்வர்ட் கெண்டால் தைராக்சினைப் பிரித்தெடுத்த கதையையும் சொல்வேன். தைராக்சின் குறைந்தால் சோர்வு, எடை கூடுவது, குளிர் தாங்காமை, மந்தம் என்று எழுதிப் போட்டு, முக்கிய வினா என்று அடிக்கோடும் இடுவேன். பதினான்கு ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். அந்தப் பட்டியலில் உள்ள அத்தனையும் என் மகளிடம் தெரிந்தபோது மட்டும் எனக்குப் பாடம் நினைவுக்கு வரவில்லை.

மகளுக்கு இப்போது இருபது வயது. மதுரையில் விடுதியில் தங்கி இளங்கலை கணிதம் படிக்கிறாள். நான் தேனி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அவளுக்குத் தைராய்டு குறைபாடும், ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்படும் கவனக்குறைபாடும் இருப்பது அடுத்தடுத்துத் தெரியவந்த ஒன்றரை ஆண்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். நம்மில் பலர் வீட்டிலும் கல்லூரி வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வகுப்பிலோ நாளைக்கு அந்த வயதை எட்டப்போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மகள் இதைப் படித்து, இரண்டு இடங்களை அடித்துக் கொடுத்த பிறகே அனுப்புகிறேன்.

விடுதிக் காப்பாளரின் அழைப்பு

இரண்டாம் ஆண்டு தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும். விடுதிக் காப்பாளர் போன் செய்தார். “டீச்சர், உங்க பொண்ணு காலையில எழுந்திருக்கவே மாட்டேங்குது. ரெண்டு இன்டர்னல் எழுதல. உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. இரவெல்லாம் கைப்பேசி பார்க்கிறாள் என்று நானாக முடிவு செய்துகொண்டு, சனிக்கிழமை மதுரைக்குப் பேருந்து ஏறினேன். விடுதி வராந்தாவிலேயே சத்தம் போட்டேன். அவள் பதில் பேசவில்லை. மதுரை வெயிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் சீப்பில் ஒரு கொத்து முடி இருந்தது. முகம் உப்பியிருந்தது. விடுதிச் சாப்பாட்டில் ஊதிவிட்டாள் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். முந்தைய விடுமுறையில் ஊரில் ஒரு மருத்துவரிடம் காட்டியபோது ‘சத்துக் குறைவு’ என்று டானிக் எழுதிக் கொடுத்தார். ரத்தப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை; நாங்களும் கேட்கவில்லை. அதில் மூன்று மாதம் போய்விட்டது.

இந்த முறை பார்த்த பொது மருத்துவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். எச்சிலை விழுங்கச் சொன்னார். மாதவிலக்கு எப்படி இருக்கிறது, மலச்சிக்கல் உண்டா, தோல் வறண்டிருக்கிறதா என்று அவளிடம்தான் கேட்டார். மறுநாள் ரத்த முடிவு வந்தது. டி.எஸ்.எச். 42. நான்கைந்துக்குள் இருக்க வேண்டிய எண் அது.

இந்த எண் பலரைக் குழப்புகிறது. ‘தைராய்டு குறைவு என்கிறார்கள், எண் இவ்வளவு அதிகமாக இருக்கிறதே’ என்று என் சக ஆசிரியர்களே கேட்டார்கள். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியிலிருந்து வருவது அல்ல. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, ‘வேலை செய்’ என்று தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு பெயரைக் கூப்பிடுகிறோம். பதில் இல்லை என்றால் குரலை உயர்த்துகிறோம். அப்போதும் இல்லை என்றால் கத்துகிறோம். டி.எஸ்.எச். 42 என்றால் பிட்யூட்டரி கத்திக்கொண்டிருக்கிறது, தைராய்டு ‘உள்ளேன் ஐயா’ சொல்லவில்லை என்று பொருள்.

ஏன் சொல்லவில்லை? நம் பாடத்தில் அயோடின் குறைவுதான் முன்னால் நிற்கும். வீட்டில் அயோடின் கலந்த உப்பைத்தானே சேர்க்கிறோம் என்று மருத்துவரிடம் வாதாடினேன். அவர் இன்னொரு பரிசோதனை எழுதினார். தைராய்டுக்கு எதிரான டி.பி.ஓ. எதிர்ப்புப் பொருள் மிகுதியாக இருந்தது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு மண்டலமே சுரப்பியைத் தாக்கி மெல்ல மெல்லச் சிதைக்கும் நிலை இது. 1912இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயரிலேயே இன்றும் அழைக்கப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது. உப்பை மாற்றியோ முட்டைக்கோஸை நிறுத்தியோ இதைச் சரிசெய்ய முடியாது. சுரப்பி தராததை மாத்திரையாகத் தர வேண்டும். பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும்.

மாத்திரை எளிது, அதைப் போடும் முறைதான் கடினம். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும் விழுங்க வேண்டும். காபி, பால், காலை உணவு எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். காபியோடு சேர்த்துப் போட்டால் மருந்து சரியாக உடலில் சேராது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். (முடி கொட்டுகிறது என்று பலரும் வாங்கிப் போடும் பயோட்டின் மாத்திரை, ரத்தப் பரிசோதனையின் எண்ணையே பொய்யாக்கும், பரிசோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள்.) அடுப்படி அலமாரியில் வைக்கக் கூடாது, வெப்பமும் ஈரமும் அதற்கு ஆகாது. தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் மருந்தின் அளவை மாற்றிவிட்டு உடனே பரிசோதித்துப் பயனில்லை. ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க வேண்டும்.

50 மைக்ரோகிராமில் தொடங்கி 75க்கு உயர்த்தினார்கள். அந்த அளவில் எட்டு வாரம் போனதும் டி.எஸ்.எச். 3.1. போர்வை போனது. முகத்தின் உப்பல் வடிந்தது. ‘அம்மா, மாடிப்படி ஏற முடியுது’ என்றாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

“நாலாவதுலேருந்து இப்படித்தான்”

அந்தப் பருவத் தேர்வில் மூன்று தாள்கள் போயின. ஒன்றில் பதினாறு மதிப்பெண் வினாவைப் பாதி எழுதிவிட்டு, அடுத்த வினாவுக்குப் போய், திரும்பி வரவே இல்லை. இன்னொரு தாளுக்குத் தேர்வு காலையா மாலையா என்று மாற்றிப் பார்த்துவிட்டாள். கட்டணம் கட்டும் தேதி தவறியது. பேருந்து அட்டை இரண்டு முறை தொலைந்தது.

“தைராய்டுதான் சரியாயிடுச்சே, இனிமே என்ன சாக்கு?” என்று கேட்டேன். இப்படி ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. அடித்துக் கொடுத்த இரண்டு இடங்களில் இது இல்லை. ‘இது இருக்கட்டும்’ என்றாள் மகள்.

“இது இப்ப வந்தது இல்லம்மா. நாலாவதுலேருந்து இப்படித்தான். நீ வீட்டுல பக்கத்துல உட்கார்ந்திருந்த. அதனால ஓடுச்சு.”

அவள் சொன்னது உண்மை. பள்ளி நாட்களில் அவள் பையை நான் அடுக்கினேன். வீட்டுப்பாடம் முடியும்வரை எதிரில் உட்கார்ந்து பயிற்சிப் பதிவேடு எழுதினேன். தேர்வு அட்டவணையைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்தான். அந்தத் தாங்குகட்டை எல்லாம் விடுதிக்குப் போன அன்று ஒரே நாளில் கழன்றுபோயிற்று.

மனநல மருத்துவரிடம் போகலாம் என்று சொன்னது அவள்தான். கல்லூரி ஆலோசகரிடம் அவளே பேசியிருந்தாள். முதல் சந்திப்பிலேயே மருத்துவர் என்னைப் பார்க்காமல் அவளிடம் கேட்டார்: “அம்மா உள்ளே இருக்கலாமா, வெளியே இருக்கட்டுமா?” பத்தொன்பது வயதுப் பெண்ணின் நோய் விவரம் அவளுடையது, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் அந்த ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. இது எனக்குச் செய்தியாகத் தெரியும். நேரில் நடக்கும்போது மனம் சற்று வலித்தது. அவள் ‘இருக்கட்டும்’ என்றாள். அடுத்த சந்திப்பில் ‘வெளியே இரும்மா’ என்றாள்.

ஏ.டி.எச்.டி. என்றால் வகுப்பில் ஓடித் திரியும் பையன்தான் நம் கண்முன் வருவான். அது ஒரு வகை மட்டுமே. துறுதுறுப்பே இல்லாமல் கவனம் மட்டும் சிதறும் வகையும் உண்டு. பெண் பிள்ளைகளிடம் பெரும்பாலும் இதுதான் தென்படுகிறது. அவர்கள் யாருக்கும் தொந்தரவு தராததால் யார் கண்ணிலும் படுவதில்லை. கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்துவிட்டால் இன்னும் தாமதமாகும். இது சோம்பலோ வளர்ப்புக் குறையோ அல்ல. மூளை வளர்ச்சியோடு சேர்ந்து வருவது, குடும்பங்களில் தொடர்வது. பெரியவர்களுக்குப் புதிதாகத் திடீரென்று தொடங்குவதும் இல்லை. உலகெங்கும் மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி, அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்திருக்க வேண்டும்.

அதனால்தான் மருத்துவர் கேட்டார்: “சின்ன வயசு ரேங்க் கார்டு ஏதாவது வச்சிருக்கீங்களா?”

பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினோம். ஒன்று முதல் பத்து வரை எல்லாம் இருந்தன. ‘கவனம் தேவை.’ ‘இன்னும் முயற்சி தேவை.’ ‘நன்று, கவனம் தேவை.’ ‘கவனக்குறைவு.’ மூன்று பள்ளிகள், பத்து வகுப்புகள், ஏறக்குறைய ஒரே குறிப்பு. மருத்துவர் பொறுமையாகப் புரட்டினார். நான்காம் வகுப்பு அட்டையில் நின்றார். அந்த ஆசிரியை குறிப்புக்கு விட்டிருந்த கட்டத்துக்கு வெளியேயும் எழுதியிருந்தார்: ‘கணக்கை வாயால் சரியாகச் சொல்கிறாள். எழுதும்போது இரண்டாம் வரியில் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்கிறாள். பக்கத்தில் நின்றால் முடிக்கிறாள். பென்சில் இந்த மாதம் ஆறு முறை தொலைத்தாள்.’

“இவங்க எழுதினது எனக்கு ரொம்ப உதவும்” என்றார் மருத்துவர். அந்த அட்டையை மட்டும் நகல் எடுத்துக்கொண்டார்.

நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது என் மேசையில் கிடக்கும் நாற்பது அட்டைகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அவற்றில் நான் எழுதியிருப்பதும் ‘கவனம் தேவை’தான்.

மருத்துவர் உடனே மருந்து எழுதவில்லை. தைராய்டு குறைவு தானாகவே மறதியையும் மந்தத்தையும் தரும். ரத்தசோகையும், தூக்கக் குறைவும், மனச்சோர்வும், பதற்றமும் கவனத்தைக் குலைக்கும். இவற்றையெல்லாம் விலக்கிய பிறகுதான் ஏ.டி.எச்.டி. என்று முடிவு செய்ய வேண்டும். மீண்டும் ஒரு முறை டி.எஸ்.எச். பார்க்கச் சொன்னார். 11 என்று வந்தது. முதல்முறை 3.1 வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ‘முதலில் இதைச் சரிசெய்யுங்கள்’ என்று திருப்பி அனுப்பினார். தைராய்டு மருத்துவர் மாத்திரையை 100 மைக்ரோகிராமாகக் கூட்டினார். இரண்டு மாதம் கழித்து 3.8. அப்புறம்தான் கவனத்துக்கான மருந்து.

அந்த 11 ஏன் வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு நகல் சீட்டு

அவளுக்குக் கொடுத்தது மெத்தில்பெனிடேட். மூளையில் டோபமின், நார்அட்ரீனலின் ஆகிய வேதிப்பொருள்களின் அளவைக் கூட்டி, ஒன்றில் நிலைத்து நிற்க உதவுகிறது. இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அட்டமாக்சிடின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. அவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். மெத்தில்பெனிடேட் அன்றன்றைக்கு வேலை செய்து அன்றன்றைக்கே தீர்ந்துபோகும்.

இதை எல்லாக் கடையிலும் வாங்க முடியாது. மருந்துச் சட்ட விதிகளில் எக்ஸ் அட்டவணையில் உள்ள மருந்து இது. மருத்துவர் சீட்டை இரண்டு நகலாக எழுத வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். நான்கு கடைகள் ஏறி இறங்கினோம். ஒரு கடையில் சீட்டைப் பார்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். தவறான பயன்பாட்டைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுப்பாடு என்பதும், மருத்துவர் சொன்ன அளவில் கண்காணிப்போடு சாப்பிடுவது வேறு என்பதும் பிறகு நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டவை. தேர்வுக்கு முந்திய வாரம் விடுதித் தோழி ஒருத்தி, ‘எனக்கும் ஒண்ணு கொடுடி, நைட்டு உட்காரணும்’ என்று கேட்டாளாம். மகள் மறுத்துவிட்டாள். குறைபாடு இல்லாதவர்களுக்கு இது படிப்பு மாத்திரை அல்ல. பிறருக்குக் கொடுப்பது சட்டப்படியும் குற்றம்.

மருந்து தொடங்கும் முன்னும் பின்னும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், எடை மூன்றையும் குறித்து வைத்தார்கள். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். குறைந்தது. மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைப்பாள். காலையில் மருந்துக்கு முன் வயிறாரச் சாப்பிடுவது, இரவில் இன்னொரு முறை சாப்பிடுவது என்று மாற்றிக்கொண்டாள். முதல் வாரம் போனில் சொன்னாள்: “அம்மா, ஒரு லெக்சர் முழுசா கேட்டேன். எல்லாருக்கும் இப்படித்தான் கேட்குமா?”

வீட்டில் இன்னொரு வேறுபாட்டையும் கவனித்தேன். தைராய்டு மாத்திரைப் புட்டி முன்னறையில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. உறவினர்கள் வந்தால் ‘எனக்கும் தைராய்டுதான்’ என்று அவர்களே பேச்சைத் தொடங்குவார்கள். இன்னொரு மாத்திரையை நான் பீரோவுக்குள் வைத்திருந்தேன். ‘கல்யாணம் ஆகற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத’ என்று என் அக்கா சொன்னதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். பீரோவைப் பூட்டிய கை என்னுடையது.

மூன்றாவது மாதம் இரவு பத்து மணிக்குப் போன். “நெஞ்சு படபடன்னு அடிக்குதும்மா. கை நடுங்குது. ரெண்டு நாளா தூக்கம் இல்ல.” அறைத் தோழிகள் எல்லோரும் அந்தப் ‘புது மாத்திரை’தான் என்றார்கள். நானும் அதையே நினைத்தேன். அன்றைக்கே அதைக் குப்பையில் போடச் சொல்லியிருப்பேன். அவள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் செய்ய மாட்டேன் என்றாள். மறுநாள் காலை மருத்துவர் இ.சி.ஜி. பார்த்தார். முடிவு தெரியும்வரை கவன மருந்தை நிறுத்திவைத்து, தைராய்டு பரிசோதனை எழுதினார்.

டி.எஸ்.எச். 0.08. இப்போது பிட்யூட்டரி முணுமுணுப்பதுகூட இல்லை. உடலில் தைராக்சின் தேவைக்கு மேல் இருக்கிறது. அதிகப்படி தைராக்சினும் இதயத்தை வேகமாக ஓட்டும். மெத்தில்பெனிடேட்டும் துடிப்பைக் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும்.

அதே 100 மைக்ரோகிராம்தானே போகிறது, எப்படி மிகுதியானது? மருத்துவர் அவளிடம், “மாத்திரை ஒழுங்காப் போடுறியா?” என்று கேட்கவில்லை. “இந்த வருஷ ஆரம்பத்துல, வாரத்துக்கு எத்தனை நாள் விட்டுப்போகும்?” என்று கேட்டார். அவள் யோசித்து, “மூணு நாள். சில வாரம் நாலு” என்றாள்.

ஒன்றரை நிமிடத்தில் முழுக் கணக்கும் விளங்கிவிட்டது. மறதியால் மாத்திரையைப் பாதி நாள் விட்டாள். அதனால் டி.எஸ்.எச். 11 ஆனது. அளவு போதவில்லை என்று 100 ஆக்கினார்கள். பாதி நாள் போட்ட 100 அவளுக்குப் போதுமானதாக இருந்தது. கவன மருந்து வந்தது. மறதி குறைந்தது. தைராய்டு மாத்திரையைத் தினமும் போடத் தொடங்கினாள். தினமும் போட்ட 100 அவள் உடலுக்கு மிகுதி. ஒரு நோயின் மருந்து வேலை செய்யத் தொடங்கியதால் இன்னொரு நோயின் மருந்து மிகையாகிவிட்டது.

மீண்டும் 75க்குக் குறைத்தார்கள். சில வாரங்களில் படபடப்பு அடங்கியது. டி.எஸ்.எச். 2.4 வந்த பிறகு கவன மருந்தைக் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கினார்கள். வீட்டிலேயே ஏதாவது ஒன்றை நிறுத்தியிருந்தால், தவறான மாத்திரையைத்தான் நான் நிறுத்தியிருப்பேன்.

அதே கேள்வியை நானும் அவளிடம் பல முறை கேட்டிருக்கிறேன். ‘மாத்திரை போட்டியா?’ என்றால் ‘போட்டேன்’ என்று பதில் வரும். ‘வீட்டுப்பாடம் எழுதினியா?’ என்றால் வகுப்பே ‘எழுதிட்டோம் டீச்சர்’ என்று சொல்வதைப் போல. எத்தனை நாள் விட்டுப்போகும் என்று கேட்டால், விட்டுப்போவது இயல்புதான் என்பது கேள்விக்குள்ளேயே வந்துவிடுகிறது. பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

எண்ணியதும் வாளியும்

இது புரிந்த பிறகாவது நான் சரியாக நடந்துகொண்டேனா என்றால், இல்லை. தினமும் காலை ஐந்தே முக்காலுக்குப் போன் செய்தேன். ‘போட்டியா?’ விடுமுறைக்கு வந்தபோது அவள் தூங்கும் நேரத்தில் பையைத் திறந்து மாத்திரைகளை எண்ணினேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே விழித்துவிட்டாள்.

“நான் என்ன உன் கிளாஸ் பிள்ளையா?” என்றாள். இரண்டு நாள் பேசவில்லை.

இந்தச் சிகிச்சையில் உள்ள முரண் எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. மறதியும் ஒழுங்கின்மையும்தான் அவளுடைய சிக்கல். அதற்கான சிகிச்சையோ தினமும் ஒரே நேரத்தில் வெறும் வயிற்றில் ஒன்று, காலை உணவுக்குப் பின் ஒன்று, எட்டு வாரத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, மாதம் ஒரு முறை இரண்டு நகல் சீட்டு என்று, அவளிடம் எது குறைவோ அதையே கேட்கிறது. நடக்க முடியாதவரிடம் ஊன்றுகோலை நடந்துபோய் வாங்கிக்கொள்ளச் சொல்வதைப் போல. நான் நினைவூட்டினால் அவள் பத்து வயதுக்குத் திரும்பிவிடுகிறாள். நினைவூட்டாவிட்டால் டி.எஸ்.எச். ஏறுகிறது.

மூன்றாம் நாள் அவளே வந்து உட்கார்ந்தாள். ஒரு தாளில் எழுதினோம். கைப்பேசி அலாரம் பயன் இல்லை, தூக்கத்திலேயே அணைத்துவிடுவாள். சுவரில் ஒட்டும் அட்டவணையும் வேலை செய்யாது. நான்காம் நாள் அது கண்ணில் படாது. அவளே ஒன்று யோசித்தாள். விடுதியில் குளியலறைக்கு வரிசை. ஆறே காலுக்கு வாளியைத் தூக்காவிட்டால் தண்ணீர் கிடைக்காது. ஏழு அறைகள் உள்ள மாத்திரை டப்பாவையும் சின்னத் தண்ணீர்ப் புட்டியையும் கட்டில் அடியில் அந்த வாளிக்குள் வைத்துவிட்டாள். டப்பாவை எடுக்காமல் குளிக்கப் போக முடியாது. குளித்து, உடுத்தி, மெஸ்ஸுக்குக் காபிக்குப் போக ஏழே கால் ஆகிவிடும். ஒரு மணி நேர இடைவெளியும் தானாக அமைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்குவாள். எழுந்ததும் சாப்பிடும் முன் போட்டுக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விட்டுப்போன நாளின் அறையை அவள் காலி செய்வதில்லை. அடுத்த சந்திப்புக்கு டப்பாவோடு போகிறாள்.

எனக்கு இரண்டு வேலைகள் கொடுத்தாள். ரத்தப் பரிசோதனைக்கு முந்திய நாள் ஒரே ஒரு குறுஞ்செய்தி. இரண்டு நகல் சீட்டோடு மருந்துக் கடைக்குத் துணை. ஞாயிறு மாலை போன் பேசும்போது மாத்திரையைப் பற்றிக் கேட்கக் கூடாது. முதல் மாதம் இது எனக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை இங்கே விவரிக்கவில்லை. அவள் அடித்த இடங்களில் ஒன்று அதுதான்.

நம் வகுப்பறையில்

நோய்ப் பெயர் சூட்டுவது நம் வேலை அல்ல. ‘இந்தப் பையனுக்கு ஏ.டி.எச்.டி. போல’ என்று பெற்றோரிடம் சொல்வது ‘கவனம் தேவை’ என்று எழுதுவதைவிட மோசம். ஆனால் பார்ப்பது நம் வேலை. நன்றாகப் படித்துவந்த பெண் ஒரு பருவத்துக்குள் சரிகிறாள், மேசையில் தலை சாய்க்கிறாள், முடி கொட்டுகிறது, எடை கூடுகிறது, கழுத்தின் முன்பகுதி பருத்திருக்கிறது என்றால் திட்டுவதற்கு முன் உடல்நலம் கேட்க வேண்டும். பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. நடமாடும் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் முன்கழுத்துக் கழலையும் ரத்தசோகையும் இருப்பதைப் போலவே கற்றல் குறைபாடும் ஏ.டி.எச்.டி.யும் இருக்கின்றன. பல பள்ளிகளில் குழு வரும் நாளில் உயரம், எடை, பல் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. நாம் பெயர் சொல்லி அனுப்பினால்தான் அவர்கள் நின்று பார்க்க முடியும். பள்ளியைத் தாண்டிய வயதுப் பிள்ளைகளுக்கும், நமக்கும்கூட, டெலி மானஸ் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இந்த ஆண்டு முதல் அட்டையில் நான் எழுதும் முறை மாறியிருக்கிறது. எல்லோருக்கும் எழுத நேரம் இல்லை. உண்மையைச் சொல்வதில் வெட்கம் என்ன? வகுப்பில் ஐந்தாறு பேருக்கு மட்டும், நான் கண்ணால் கண்டதை எழுதுகிறேன். ‘முதல் இருபது நிமிடம் எழுதுகிறான், பிறகு விட்டுவிடுகிறான், கேள்வியைப் பிரித்துக் கொடுத்தால் முடிக்கிறான்.’ ‘வாய்மொழியாக எட்டு சரி, எழுத்தில் மூன்று சரி.’ அதன் நகலை என் கோப்பிலும் வைக்கிறேன். சென்ற மாதம் ஒரு பையனின் அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது திட்டா, பாராட்டா டீச்சர்?” என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

நான்காம் வகுப்பு ஆசிரியை ஓய்வு பெற்றுவிட்டார். மகள் அவரைத் தேடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவருக்கு மகளை அடையாளம் தெரியவில்லை. பென்சில் தொலைத்த பெண் என்றதும் தெரிந்ததாம்.

மகளுக்கு மூன்றாம் ஆண்டில் இன்னும் இரண்டு அரியர் பாக்கி இருக்கிறது. ஒன்றை நவம்பரில் எழுதுகிறாள். இன்னொன்றுக்குப் பணம் கட்டும் கடைசித் தேதியைத் தவறவிட்டுவிட்டாள். தாமதக் கட்டணம் எவ்வளவு, எந்த அலுவலகத்தில் கட்ட வேண்டும் என்று விசாரித்து அவளே கட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனில்தான் எனக்குச் சொன்னாள், அதுவும் பேச்சுவாக்கில்.